80 கிலோமீட்டர் கார்: ரேவா பிறந்த கதை

1990 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் வடகோடியான டார்வினிலிருந்து தென்கோடியில் இருக்கும் அடிலெய்டு வரை ஒரு கார் பந்தயம் நடந்தது. தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். பெட்ரோல், டீசல் எதுவும் கூடாது. வண்டியின் முதுகில் விழும் வெயில்தான் எரிபொருள். சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்துப் பொறியியல் மாணவர்களின் வண்டி முதலில் வந்தது, ஹோண்டா நிறுவனத்தின் வண்டி இரண்டாவது. மூன்றாவதாக வந்த 'சன்ரன்னர்' அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டியது. அந்தக் குழுவில் பெங்களூர்ப் பையன் ஒருவர் இருந்தார். பெயர் சேத்தன் மைனி. வயது 20.

இந்தியாவில் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய சின்ன எலெக்ட்ரிக் கார் எங்கே பிறந்தது என்று கேட்டால், நான் செம்மண் பூமியைக் கடக்கும் அந்த நெடுஞ்சாலையைத்தான் காட்டுவேன். சூரிய ஒளிக் காரின் தகடுகளிலிருந்து அந்தக் காலத்தில் கிடைத்த மின்சாரம், வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதை வைத்துக்கொண்டு ஓர் ஆளைச் சுமந்து ஒரு கண்டத்தைக் கடக்க வேண்டும். எடையில் ஒரு கிலோ கூடினாலும், டயரில் காற்று சற்றுக் குறைந்தாலும், சங்கிலியில் உரசல் இருந்தாலும் மாலைக்குள் போக வேண்டிய ஊர் தள்ளிப்போகும். பெட்ரோல் வண்டி செய்பவர்கள் முதலில் 'எவ்வளவு சக்தி வேண்டும்' என்று கேட்பார்கள். இந்தப் பந்தயத்தில் பழகியவர்கள் 'எவ்வளவு இருந்தால் போதும்' என்று கேட்பார்கள். பிற்பாடு பெங்களூரில் உருவான வண்டியின் ஒவ்வொரு அங்கத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது.

இதே பந்தயத்துக்கு இன்னொரு வாரிசும் உண்டு. 1987-ல் நடந்த முதல் பந்தயத்தில் வென்றது ஜெனரல் மோட்டார்ஸின் 'சன்ரேசர்'. அந்த வெற்றியின் தொடர்ச்சியாக அவர்கள் 1990-ல் 'இம்பாக்ட்' என்ற மாதிரி எலெக்ட்ரிக் காரைக் காட்டினார்கள். 1996-ல் அது 'ஈவி1' ஆகச் சாலைக்கு வந்தது. அதே 1990-ல் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு விதி போட்டது. அங்கே கார் விற்கும் பெரிய நிறுவனங்கள் 1998 முதல் தங்கள் வண்டிகளில் 2 சதவீதத்தைப் புகையே இல்லாததாக விற்றாக வேண்டும். (அந்தக் கெடு பிறகு தளர்த்தப்பட்டது.) அந்த விதியை நம்பி அங்கே பல சிறு நிறுவனங்கள் முளைத்தன. அவற்றில் ஒன்று டாக்டர் லான் பெல் தொடங்கிய அமெரிகான். மிச்சிகன் படிப்பும் ஸ்டான்ஃபோர்டு மேற்படிப்பும் முடித்த சேத்தன் அங்கே போய்ச் சேர்ந்தார்.

பெங்களூரில் அப்பா சுதர்சன் மைனி துல்லியமான எந்திர பாகங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தார். ஆலைக்குள் சரக்கு இழுக்கும் பேட்டரி வண்டிகளும் கோல்ஃப் மைதான வண்டிகளும் அந்தக் குழுமத்தில் தயாராயின. அதாவது பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர் மூன்றையும் இணைத்து ஒரு வண்டியை ஓடவைக்கும் கைப்பழக்கம் வீட்டிலேயே இருந்தது. மகனிடம் கலிஃபோர்னியாவில் கற்ற தொழில்நுட்பம் இருந்தது. இரண்டும் சேர்ந்து 1994-ல் ரேவா எலெக்ட்ரிக் கார் கம்பெனி ஆயிற்று. மைனி குழுமமும் அமெரிகானும் கூட்டாளிகள். வண்டிக்கு வைத்த பெயர் சேத்தனின் அம்மாவுடையது.

எலெக்ட்ரிக் கார் என்ற நினைப்பு இந்தப் பக்கத்துக்கு அப்போது புதிதும் இல்லை. ஓர் ஆண்டுக்கு முன்னால், 1993-ல், டெல்லி வாகனக் கண்காட்சியில் 'லவ்பேர்டு' என்ற இரண்டு இருக்கைக் கார் வந்திருந்தது. செய்தவர்கள் சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் ஆலை வைத்திருந்த எட்டி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்தார். ஜப்பானின் யாஸ்காவா கைகொடுத்திருந்தது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் 60 கிலோமீட்டர் போகும் என்றார்கள். சொற்ப வண்டிகளே விற்று, அதோடு நின்றுபோனது. நம் கொங்கு நாட்டுத் தொழில் திறமைக்கும் பங்கு இருந்த அந்த முயற்சியை இன்று பேசுவாரே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மோட்டாரும் கன்ட்ரோலரும் அவர்களுக்குக் கைவந்த தொழில்தான். ஆனால் கார் விற்க, விற்ற பிறகு பழுது பார்க்க, பேட்டரி மாற்றித் தர என்று பெரிய ஏற்பாடு வேண்டும். அதைத் தாங்கும் பணபலம் ஒரு சிறு நிறுவனத்துக்கு எங்கிருந்து வரும்?

ரேவாக்காரர்கள் கணக்கை மறுமுனையிலிருந்து போட்டார்கள். பெங்களூர் மாதிரி ஊரில் ஒருவர் வீட்டிலிருந்து ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடைகண்ணி எல்லாம் போய்வந்தால் ஒரு நாளில் எவ்வளவு ஓட்டுவார்? 30 கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் 40. சராசரி வேகமோ மணிக்கு 20, 25 கிலோமீட்டரைத் தாண்டாது. காரில் பெரும்பாலும் ஒருவர், இருவர்தான். அப்படியானால் 80 கிலோமீட்டர் ஓடும் வண்டி போதும், தேவைக்கு ஒரு மடங்கு கையிருப்பும் ஆயிற்று. 65 கிலோமீட்டர் வேகம் போதும். இரண்டு பெரியவர்களும் பின்னால் இரண்டு சிறுவர்களும் உட்கார்ந்தால் போதும்.

இந்தப் 'போதும்'களுக்கு வேதியியல் காரணம் ஒன்று உண்டு. அன்று கட்டுப்படியாகும் பேட்டரி என்றால் அது லெட் ஆசிட் மட்டுமே. லித்தியம் அயான் பேட்டரியை சோனி 1991-ல் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது கேமராவுக்கும் மடிக்கணினிக்கும்தான் எட்டியது. ரேவாவில் 6 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரிகள் எட்டு. வரிசையாக இணைத்தால் 48 வோல்ட், 9.6 யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளளவு. எடை கால் டன்னுக்கு மேல். தூரத்தை இரட்டிப்பாக்க ஆசைப்பட்டு இன்னும் எட்டு பேட்டரி வைத்தால் இன்னொரு கால் டன் ஏறும். அதைத் தாங்க சட்டம் தடிமனாக வேண்டும், பிரேக் பெரிதாக வேண்டும், அதையெல்லாம் இழுக்க மோட்டார் பெரிதாக வேண்டும். கூடுதல் மின்சாரத்தில் ஒரு பகுதியைக் கூடுதல் பேட்டரியே தின்றுவிடும். ஈயத்தோடு மல்லுக்கட்டும்போது சின்ன வண்டி மட்டுமே ஜெயிக்கும். இந்தப் புரிதல் ரேவாவில் இருந்தது, இதை அவர்களுடைய மிகப் பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன்.

அடுத்த தலைவலி உடம்பு. சாதாரண காரின் கதவும் பானெட்டும் இரும்புத் தகட்டைப் பெரிய பிரஸ்ஸில் அழுத்தி எடுப்பவை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி அச்சு வேண்டும். அந்த அச்சுகளின் விலையை லட்சக்கணக்கான வண்டிகளில் பங்கிட்டால்தான் கட்டுப்படியாகும். ரேவா ஆலையின் திட்டமோ ஆண்டுக்கு 6,000 வண்டி. ஆகவே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு கட்டினார்கள். அதன் மேல் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பலகைகளைப் பொருத்தினார்கள். அச்சுச் செலவு வெகுவாக இறங்கியது. இன்னொரு லாபமும் தானாக வந்து சேர்ந்தது. நம் ஊர் நெரிசலில் பக்கத்து பைக்கின் கைப்பிடி உரசினால் இரும்புக் கதவு சொட்டை விழும். பிளாஸ்டிக் கதவு உள்ளே போய் மறுபடி வெளியே வந்துவிடும்.

1994-ல் தொடங்கிய வேலை, 2001-ல்தான் பெங்களூர் ஷோரூமுக்கு வந்தது. இடையில் ஏழு ஆண்டு. எலெக்ட்ரிக் காருக்கென்று பாகம் செய்து தருபவர் நாட்டில் கிடைப்பது அரிது. பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு மூளை போன்றவற்றைத் தாங்களே வடிவமைத்து, செய்து தரச் சம்மதிக்கும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த மின்னணு மூளையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேட்டரிகளின் வோல்டேஜ், சூடு, உள்ளே போன மின்சாரம், வெளியே வந்த மின்சாரம் எல்லாவற்றையும் அது கணக்கு வைத்துக்கொள்ளும். எந்த எலெக்ட்ரிக் காருக்கும் இன்று இதுதான் உயிர்நாடி. அன்று இந்தியாவில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

வண்டியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நீளம் 2.6 மீட்டர், அகலம் 1.3 மீட்டர். மாருதி 800-ஐவிட ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் குட்டை. இரண்டே கதவு. உட்கார்ந்தால் முன்சீட்டு சற்று உயரமாகத் தெரியும், ஏனென்றால் பேட்டரிகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. எடை நடுவில், தரையை ஒட்டி இருப்பதால் இத்தனை ஒல்லியான வண்டி திருப்பத்தில் தள்ளாடாது. கிளட்ச் கிடையாது, கியர் கம்பி கிடையாது. முன்னே போக, பின்னே போக ஒரு குமிழைத் திருப்பினால் சரி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் டைனமோவாக மாறி, ஓடும் வேகத்தில் கொஞ்சத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். மூன்றரை மீட்டர் ஆரத்துக்குள் வண்டி திரும்பிவிடும். பழைய பெங்களூரின் சந்துகளில், மல்லேசுவரம் பக்கத்துக் குறுக்குத் தெருக்களில், அது எவ்வளவு பெரிய வசதி என்பதை அங்கே வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள்.

சார்ஜ் ஏற்ற வீட்டில் தண்ணீர் ஹீட்டருக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கே போதும். சார்ஜர் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. 80 சதவீதம் ஏற மூன்று மணி நேரத்துக்குள் ஆகும், மீதி 20 சதவீதத்துக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இழுக்கும். லெட் ஆசிட் பேட்டரியின் குணம் அது. நிறைய நிறைய வாங்கும் வேகம் குறையும், அவசரப்படுத்தினால் கொதித்து வாயு கிளம்பும். இரவு படுக்கும்போது சொருகிவிட்டு காலையில் எடுப்பவருக்கு இதில் சங்கடமே இல்லை.

சங்கடங்கள் வேறு இடத்தில் இருந்தன. லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து மெதுவாக எடுத்தால் நிறையக் கிடைக்கும், வேகமாக உறிஞ்சினால் குறைவாகத்தான் தரும். 48 வோல்ட்டில் 13 கிலோவாட் சக்தி வேண்டுமென்றால் 250 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்துத் தள்ளுபவர் கையில் 80 கிலோமீட்டர் 55 ஆகிவிடும். ஏசி போட்டால் மணிக்கு ஒரு யூனிட் போகும், அது எட்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். எட்டுக்கும் ஒரே இடத்திலிருந்து ஊற்றும்படி குழாய் வைத்திருந்தார்கள், ஆனாலும் ஞாபகமாக ஊற்ற வேண்டுமே. அடிக்கடி அடிமட்டம் வரை காலி செய்தால் ஈயத்தகட்டில் சல்பேட் படிந்து ஆயுள் சுருங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எட்டு பேட்டரியையும் மொத்தமாக மாற்ற வேண்டும். பெட்ரோலில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கே போய்விடும். விற்கும்போது கிலோமீட்டருக்கு ஆகும் மின்செலவைச் சொன்ன அளவுக்கு இந்தப் பேட்டரிச் செலவை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்திய வாடிக்கையாளர் பார்த்தது இதைத்தான்: கிட்டத்தட்ட ரேவாவின் விலையிலேயே மாருதி 800 கிடைக்கிறது. அதில் குடும்பமே ஏறிக்கொண்டு திருப்பதி போகலாம். நம் வீடுகளில் கார் என்றால் ஒன்றுதான் என்று இருந்த காலம். அந்த ஒன்றே ஆபீசுக்கும் போக வேண்டும், கல்யாணத்துக்கும் போக வேண்டும். தினசரி ஓட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த வண்டி, ஆண்டுக்கு நான்கு நாள் வரும் வெளியூர்ப் பயணத்தில் தோற்றது. வாங்கியவர்களில் பலர் வீட்டில் இரண்டாவது காராக வைத்துக்கொள்ள முடிந்தவர்கள். விலை மலிவாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டுச் செய்த காரை வசதியானவர்கள் வாங்கினார்கள்.

இதற்கிடையில் வழி லண்டனில் திறந்தது. 2003 பிப்ரவரியில் அந்த நகரின் மையப் பகுதிக்குள் கார் கொண்டுவருபவர் நாளுக்கு 5 பவுண்டு கட்ட வேண்டும் என்று நெரிசல் கட்டணம் வந்தது. எலெக்ட்ரிக் காருக்கு விலக்கு. சாலை வரியும் இல்லை, சில இடங்களில் நிறுத்தக் காசும் இல்லை. கோயிங்கிரீன் என்ற நிறுவனம் ரேவாவை 'ஜி-விஸ்' என்ற பெயரில் அங்கே விற்றது. தினமும் 5 பவுண்டு மிச்சமானால் சின்ன காரின் விலை எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும்! ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் லண்டன் தெருக்களில் ஓடின. உலகின் பெரிய கார் நிறுவனங்கள் எலெக்ட்ரிக் காரை அலமாரியில் பூட்டி வைத்திருந்த ஆண்டுகளில், உலகத் தலைநகர் ஒன்றில் தினசரி ஓட்டத்துக்குப் பயன்பட்ட மின்சாரக் கார் பெங்களூர்த் தயாரிப்பு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அங்கேதான் பெரிய அடியும் விழுந்தது. ஐரோப்பிய விதிப்படி ரேவா கார் வகையில் வராது. பேட்டரி நீங்கலாக 400 கிலோவுக்கு உட்பட்ட நாற்சக்கர வண்டி, குவாட்ரிசைக்கிள் என்ற வகை. காருக்குக் கட்டாயமான மோதல் சோதனை அந்த வகைக்கு இல்லை. 2007-ல் டாப் கியர் என்ற பிரிட்டன் கார் பத்திரிகை ஒரு ஜி-விஸ்ஸை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துப் பார்த்தது. முன்பக்கம் நொறுங்கி, ஓட்டுநர் இடம் சுருங்கிப்போனது. உள்ளே இருப்பவருக்கு உயிருக்கே ஆபத்தான காயம் ஏற்படலாம் என்று தெரிந்தது. பிரிட்டன் அரசும் கவலை தெரிவித்தது. ரேவா நிறுவனம் லோட்டஸ் கார் நிறுவனத்தின் பொறியாளர்களை வைத்துச் சட்டத்தை வலுப்படுத்தி, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டு, புதுப் பதிப்பைக் கொண்டுவந்தது.

சட்டம் கேட்கவில்லை, ஆகையால் செய்யவில்லை என்பது ஒரு விளக்கம்தான், நியாயம் ஆகாது. நகரத்துக்குள் மெதுவாகத்தானே ஓடுகிறோம் என்பவர்கள் எதிரே வருகிற லாரியின் வேகத்தை மறந்துவிடுகிறார்கள். ஏழைக்கு எட்டும் காரில் உயிருக்கான பாதுகாப்பு குறைவாக இருக்கலாம் என்று முடிவு செய்ய யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. ரேவாவின் மற்ற எல்லா 'போதும்'களையும் நான் ஏற்பேன், இதை ஏற்க மாட்டேன். இந்தியாவிலேயே புதிய கார் மாதிரிகளுக்கு முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் கட்டாயமானது 2017 அக்டோபரில்தான். அதற்கு முன்னால் ஓடிய சின்ன பெட்ரோல் கார்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு நடந்தவை வேகமானவை. ஏசி மோட்டார் வைத்து 80 கிலோமீட்டர் வேகம் எட்டிய ரேவாஐ வந்தது. 2009-ல் லித்தியம் பேட்டரி போட்ட பதிப்பு வந்தது, ஓட்டம் 120 கிலோமீட்டர். அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸின் இந்தியக் கிளை, ஸ்பார்க் காரை மின்சாரத்தில் ஓடவைக்க ரேவாவோடு கைகோத்தது. 2010 மே மாதம் மஹிந்திரா நிறுவனம் ரேவாவின் 55.2 சதவீதப் பங்கை வாங்கியதும் அந்தக் கூட்டு கலைந்தது. அதுவரை உலகம் முழுக்க ஓடிய ரேவாக்கள் நாலாயிரத்துக்குள்தான். ஆண்டுக்கு 6,000 என்று கட்டிய ஆலைக்கு, ஒன்பது ஆண்டில்.

2012-ல் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் புது ஆலை திறந்தது. 2013 மார்ச்சில் மஹிந்திரா 'இ2ஓ' வந்தது. லித்தியம் பேட்டரி, நான்கு பெரியவர்கள் உட்காரும் இடம், 100 கிலோமீட்டர் ஓட்டம். நல்ல வண்டி. ஆனால் வந்த நேரம் சரியில்லை. மின்வண்டிகளுக்கு மத்திய அரசு தந்துகொண்டிருந்த மானியம் 2012 மார்ச்சோடு முடிந்திருந்தது, அடுத்த திட்டமான ஃபேம் 2015 ஏப்ரலில்தான் தொடங்கியது. நடுவில் மூன்று ஆண்டு வெறுமை. லித்தியம் பேட்டரியின் விலையோ அந்தக் காலகட்டத்தில் உச்சத்திலிருந்து அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. 2010-ல் ஒரு கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது, 2023-ல் சராசரி 139 டாலர். இ2ஓ வரிசை 2019-ல் நின்றது. அதன் பிறகு மூன்றே ஆண்டில், 2022 செப்டம்பரில், டாடா டியாகோ ஈவி 8.49 லட்சம் ரூபாய்த் தொடக்க விலையில் வந்து சின்ன எலெக்ட்ரிக் காரை நடுத்தர வர்க்கத்தின் தெருவுக்குக் கொண்டுவந்தது. 2023-ல் எம்ஜி காமெட் வந்தது. நீளம் 3 மீட்டருக்கும் குறைவு, இரண்டு கதவு, 17.3 கிலோவாட்-மணி பேட்டரி. அதைப் பார்த்தவுடன் ரேவா ஞாபகம் வராதவர், ரேவாவைப் பார்த்திராதவராகத்தான் இருப்பார்.

இன்று இந்த வண்டிகளில் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறவர், ரேவா போட்ட கணக்கிலிருந்தே தொடங்கலாம். 9.6 யூனிட்டில் 80 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 120 வாட்-மணி. சின்ன காருக்கு இன்றும் ஏறக்குறைய இதே அளவுதான். வண்டி பெரிதாயிற்று, பாதுகாப்புக்காக எடை கூடியது, ஆனால் மோட்டாரும் பேட்டரியும் அதற்கேற்பத் திறமையாகிவிட்டன. டியாகோவின் பெரிய பேட்டரி 24 யூனிட். 120-ஆல் வகுத்தால் 200 கிலோமீட்டர். விளம்பரத்தில் 315 என்று போட்டிருந்தது, அது சோதனைச்சாலை எண். ஏசி போட்டு நாலு பேரோடு சென்னை வெயிலில் ஓட்டுபவர் 200-ஐ நம்பித் திட்டமிடுவது நல்லது.

செலவைப் பார்ப்போம். 24 யூனிட் நிரப்ப, சார்ஜரில் வீணாவதும் சேர்த்து 27 யூனிட் மீட்டரில் ஓடும். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 243 ரூபாய். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 காசு. லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் 16 கிலோமீட்டர் தரும் காருக்கு 6 ரூபாய் 25 காசு. ஐந்து ரூபாய் வித்தியாசம். நாளுக்கு 40 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 60,000 ரூபாய் மிச்சம். பெட்ரோல் காரைவிடக் கூடுதலாகக் கொடுத்தது இரண்டரை லட்சம் என்று வைத்தால், அது ஏறக்குறைய நாலு ஆண்டில் திரும்பிவிடும். பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் இருப்பதால் அந்த நாலு ஆண்டுக்குப் பிறகு வருவது சுத்த லாபம். நாளுக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ ஆண்டுக்கு 15,000 மட்டுமே மிஞ்சும், போட்ட பணம் வர பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். அவர் காசை மட்டும் எண்ணி வாங்குவது சரிவராது. புகையில்லாத ஓட்டம், கிளட்ச் மிதிக்காத கால் இவற்றுக்காக வாங்கலாம், அதுவும் நல்ல காரணமே. சின்ன எலெக்ட்ரிக் காரில் அதிகம் சம்பாதிப்பவர், தினமும் நிறைய ஓட்டி, இரவில் தன் வீட்டு பிளக்கில் சொருகுபவர். வீட்டில் நல்ல எர்த்திங்கோடு தனி லைன் இழுத்துக்கொள்ள முடியாதவர் அதைத் தீர்த்துவிட்டுத்தான் ஷோரூமுக்குப் போக வேண்டும்.

ரேவாவை உலுக்கிய பேட்டரிச் செலவை சேத்தன் மைனி விட்டுவிடவில்லை. 2017-ல் அவர் உதய் கெம்காவோடு சேர்ந்து சன் மொபிலிட்டி தொடங்கினார். ஆட்டோவும் ஸ்கூட்டரும் பேட்டரி இல்லாமல் விற்கப்படும், ஓட்டுநர் காலிப் பேட்டரியைக் கொடுத்து நிறைந்ததை மாற்றிக்கொண்டு போவார், ஓடியதற்குப் பணம் கட்டுவார். ரேவாவின் புது ஆலை எழுந்த பொம்மசந்திராவிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் ஓசூர். அங்கே ஏத்தர் ஸ்கூட்டர் ஆலை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா ஆலை. மின்சார வண்டி செய்யத் தெரிந்த கைகள் இப்போது இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

வண்டி வேறு, பேட்டரி வேறு என்று பிரித்து விற்கும் ஏற்பாடு கார்களுக்கும் வந்துவிட்டது. 2024-ல் காமெட்டை 4.99 லட்சத்துக்குக் கொடுத்து, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் வாங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கட்டணத்தில் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் பேட்டரிக்கு 3,000, மின்சாரத்துக்கு ஏறத்தாழ 1,450, ஆக 4,450 ரூபாய். பெட்ரோலுக்கு 7,500 ஆகியிருக்கும். இப்படி வாங்க நினைப்பவர் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: வண்டி ஓடாத மாதத்திலும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, வண்டியை விற்கும்போது பேட்டரி ஒப்பந்தம் யார் பேருக்குப் போகும்.